நேரத்தையே ஐடியாக வைக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பில் பின்னேர வகுப்புகளில் புரோகிராமிங் சொல்லிக்கொடுக்கிறேன். இடையிடையே கடைகளுக்கும் நெல் ஆலைகளுக்கும் பில் போடும் மென்பொருள் எழுதிக் கொடுப்பதும் உண்டு. ஒவ்வொரு வகுப்பிலும் யாராவது ஒருவர் கேட்பார்: "சேர், போன நேரம் திரும்பி வராதுதானே? அதையே ஐடியாகப் போட்டால் என்ன?" ஐடி என்றால் ஒவ்வொரு பதிவையும் தனியாக அடையாளம் காட்டும் எண். நேரத்தையே அதற்குப் போடலாம் என்று நானும் ஒருகாலம் நினைத்தேன். அதனால் வந்த வினையும் கீழே இருக்கிறது.

டைம்ஸ்டாம்ப் என்பது என்ன எண்?

கணினி நேரத்தைக் குறித்துவைக்கும் எண். 1970 ஜனவரி 1, கிரீன்விச் நேரப்படி நள்ளிரவு 12 மணி. அதிலிருந்து இன்றுவரை எத்தனை செக்கன் போயிருக்கிறது என்ற எண்ணிக்கை. அந்தக் கணத்தில் இங்கே காலை 5.30. 2001 செப்டம்பர் 9 இல் அது நூறு கோடியைத் தொட்டது. அன்றிலிருந்து 10 இலக்கம். புரோகிராம் மொழிகள் இதை வேறு வேறாகத் தரும். பிஎச்பியின் டைம்() முழுச் செக்கனைத் தரும். பைத்தானின் டைம்.டைம்() செக்கனைத் தசமத்தோடு தரும். ஜாவாஸ்கிரிப்டின் டேட்.நவ்() மில்லிசெக்கனில் எண்ணுவதால் 13 இலக்கம். பிஎச்பியில் எடுத்த 10 இலக்கத்தை அப்படியே ஜாவாஸ்கிரிப்டுக்குக் கொடுத்துவிட்டு, "எல்லாத் திகதியும் 1970 ஜனவரி என்று காட்டுது சேர்" என்று வருபவர்கள் வருடத்துக்கு நாலு பேராவது இருப்பார்கள். ஆயிரத்தால் பெருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அதை ஐடியாகப் போட்டால் என்ன பிழை? ஒரே செக்கனில் இரண்டு பேர் வருவது அபூர்வம்தானே?

அபூர்வம் என்றுதான் நானும் கணக்குப் போட்டேன். சம்மாந்துறைப் பக்கம் ஒரு நெல் ஆலைக்குத் தராசுத் துண்டு அடிக்கும் புரோகிராம் எழுதினேன். உழவு இயந்திரம் பெட்டியோடு தராசில் ஏறும், நிறை விழும், பட்டனை அமத்தினால் துண்டு வரும். துண்டு இலக்கம் ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், செக்கன் எல்லாம் சேர்த்து 14 இலக்கம். ஒரு தராசு, ஒரு கணினி. ஒரு பெட்டி ஏறி இறங்கவே நாலு நிமிடம் ஆகும். ஒரு போகம் முழுக்க ஒரு பிழையும் வரவில்லை.

அடுத்த போகத்துக்கு முதலாளி இரண்டாவது தராசு போட்டார். இரண்டு கணினியும் ஒரே டேட்டாபேஸில் எழுதின. வெட்டு மெசின்கள் இரவு பகலாக ஓடுகிற காலம், றோட்டு நெடுக உழவு இயந்திர வரிசை. ஒரு நாள் பின்னேரம் ஒரு போடியார் (பெரிய வயற்காரர்) துண்டோடு வந்து நின்றார். "என்ன மனே, நான் கொண்டு வந்த நெல்லு எங்க?" துண்டில் அவருடைய பெயர். கணினியில் அதே இலக்கத்தைத் தட்டினால் வேறு யாரோ ஒருவருடைய பெயர், வேறு நிறை. இரண்டு தராசிலும் ஒரே செக்கனில் பட்டனை அமத்தியிருக்கிறார்கள். நான் எழுதிய கோட், அந்த இலக்கம் இருந்தால் மாற்றி எழுது, இல்லாவிட்டால் புதிதாகச் சேர் என்ற வகை. இரண்டாவது வந்தது முதலாவதை அழித்துவிட்டு உட்கார்ந்துகொண்டது. பிழைச் செய்தி ஒன்றுகூட வரவில்லை.

நல்ல காலம், கணக்கு எழுதும் அக்கா கணினியை நம்பாமல் சீஆர் கொப்பியிலும் (தடித்த மட்டைக் கொப்பி) எழுதி வந்திருந்தா. அதைப் பார்த்துத்தான் அவருடைய நிறையை எடுத்தோம்.

பிறகு ஆறுதலாக இருந்து கணக்குப் பார்த்தேன். ஒரு தராசில் நாலு நிமிடத்துக்கு ஒரு துண்டு, அதாவது 240 செக்கனுக்கு ஒன்று. முதல் தராசில் துண்டு விழும் அதே செக்கனில் மற்றதிலும் விழுவதற்கான வாய்ப்பு 240 இல் ஒன்று. 240 துண்டு அடிக்க 16 மணி நேரம். ஆகவே சராசரியாக 16 மணி நேர வேலைக்கு ஒரு மோதல். அறுவடைக் காலத்தில் அது ஒரு நாள் பாடு. இதில் அபூர்வம் எங்கே இருக்கிறது?

மில்லிசெக்கன் போட்டால் தீருமா?

அந்த ஆலையில் வருடக்கணக்காகத் தாக்குப்பிடித்திருக்கும். ஆனால் அது தீர்வு இல்லை, தவணை. ஒரு அறையில் 23 பேர் இருந்தால் இரண்டு பேருக்காவது ஒரே பிறந்தநாள் இருப்பதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்ற பழைய கணக்கு தெரியும்தானே. அதே கணக்குத்தான் இங்கேயும். ஒரு செக்கனுக்கு 1000 மில்லிசெக்கன். அந்த ஒரு செக்கனுக்குள் 38 பதிவுகள் வந்தால், இரண்டு பதிவுகளாவது ஒன்றோடொன்று மோதுவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பரீட்சை விண்ணப்பம் திறக்கும் காலை 9 மணிக்கு 38 பேர் ஒரே செக்கனில் பட்டனை அமத்துவது பெரிய விசயமா?

மனிதர்கள் அமத்தும்போதே இப்படியென்றால், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் கோடான லூப் இன்னும் மோசம். டேட்.நவ்() ஐப் பத்துத் தரம் லூப்பில் கூப்பிட்டு, முடிந்த பிறகு அச்சிட்டுப் பாருங்கள். பத்தும் ஒரே எண்ணாகத்தான் பெரும்பாலும் வரும். எக்செலில் இருந்து 500 பொருள்களை ஒரேயடியாக ஏற்றுகிற இடத்தில் இந்த முறையைப் போட்டால், ஏறியது 500, மிஞ்சியது ஏழோ எட்டோ என்று நிற்கும்.

நனோசெக்கன் வரைக்கும் போகலாமே?

எண் கிடைக்கும், நுணுக்கம் கிடைக்காது. பைத்தான் 3.7 இலிருந்து டைம்.டைம்_என்எஸ்() இருக்கிறது, 19 இலக்கத்தில் தரும். ஆனால் 19 இலக்கம் எழுதத் தெரிந்த கடிகாரம் அத்தனை இலக்கத்தையும் ஒவ்வொரு தரமும் மாற்றும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. விண்டோஸின் வழக்கமான கடிகாரத் துடிப்பு சுமார் 15.6 மில்லிசெக்கன். அந்தத் துடிப்பை நம்பி இருக்கும் இடத்தில், அதற்குள் எத்தனை தரம் கேட்டாலும் ஒரே பதில். தராசில் கிலோ மட்டும் காட்டும் முள்ளை வைத்துக்கொண்டு கிராமை அச்சடிப்பது போலத்தான்.

நேரம் திரும்பி வராது என்பதாவது உண்மையா?

நேரம் வராது. கடிகாரம் வரும். இதை எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, எங்கள் நாட்டிலேயே நடந்தது.

1996 இல் மின்சாரத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க மே 25 ஆம் திகதி நாட்டின் கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னால் வைத்தார்கள். அதே வருடம் ஒக்டோபர் 26 இல் அரை மணி நேரம் பின்னால். மிச்ச அரை மணி பத்து வருடம் அப்படியே கிடந்தது. 2006 ஏப்ரல் 15, சித்திரை வருடப் பிறப்புக்கு அடுத்த நாள், நள்ளிரவு தாண்டி 12.30 ஆனதும் திரும்பவும் 12.00 என்று வைத்தார்கள். ஆக அன்றைக்கு 12.00 முதல் 12.30 வரையான அரை மணி நேரம் இரண்டு தரம் வந்தது. உள்ளூர் நேரத்தை ஐடியாகப் போட்ட ஒரு புரோகிராம் அந்த இரவில் ஓடியிருந்தால், 12.17 க்கு அடித்த துண்டின் இலக்கம் அரை மணி கழித்துத் திரும்ப வந்திருக்கலாம்.

அந்தப் பத்து வருடம் மட்டக்களப்பில் இருந்தவர்களுக்கு இன்னொன்றும் ஞாபகம் இருக்கும். புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் இந்த மாற்றத்தை ஏற்கவில்லை. வாவிக்கு இந்தப் பக்கம் எழுவான்கரையில் புதிய நேரம், அந்தப் பக்கம் படுவான்கரையில் பழைய நேரம். ஓடத்தில் ஏறி இறங்கினால் அரை மணி வித்தியாசம். "எத்தனை மணிக்கு வாறீங்க?" என்று கேட்டால், "பழைய நேரமா, புதிய நேரமா?" என்று திருப்பிக் கேட்பார்கள். இரண்டு சர்வர்களின் கடிகாரங்கள் ஒத்துப்போகாவிட்டால் என்ன ஆகும் என்று வகுப்பில் விளக்க எனக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைத்ததில்லை.

அப்ப உலகப் பொது நேரத்தைப் போட்டால் சரிதானே?

போட வேண்டும், அது குறைந்தபட்ச ஒழுக்கம். 2006 இல் நடந்தது போன்ற அரசாங்க மாற்றங்கள் அதைத் தொடாது. ஆனால் கணினியின் கடிகாரம் தானாகவே பிழையாக ஓடும். சற்று வேகமாக ஓடிய கடிகாரத்தை, இணையம் வழியாக நேரத்தைத் திருத்தும் என்டிபி இழுத்துப் பின்னால் வைக்கும். மதர்போர்ட் பற்றரி செத்த பழைய கணினி, கரண்ட் போய் வந்தால் பல வருடம் பின்னால் போய்த் தொடங்கும். 2022 இன் நீண்ட மின்வெட்டுக் காலத்தில் இப்படித் திகதி மாறிய பில்களை எத்தனையோ கடைகளில் பார்த்தேன். பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போக இடையிடையே சேர்க்கும் லீப் செக்கன் என்று ஒன்றும் இருக்கிறது. கடைசியாக வந்தது 2016 இன் முடிவில். எங்கள் கணக்கில் 2017 ஜனவரி 1 காலை 5.30 க்குச் சற்று முன். மேலே சொன்ன 1970 இலிருந்து எண்ணும் யுனிக்ஸ் எண்ணிக்கையில் அதற்கென்று தனி எண் கிடையாது.

பின்னால் மூன்று இலக்க ரேண்டம் எண் ஒட்டினால் போதாதா?

ரேண்டம் என்றால் குருட்டுவாக்கில் எடுக்கும் எண். இது எல்லாரும் செய்கிற வேலை. மூன்று இலக்கம் என்றால் ஆயிரம் தெரிவு. மேலே சொன்ன 38 இன் கணக்கைத் திரும்பப் பாருங்கள்: ஒரே மில்லிசெக்கனில் லூப் 38 ஐடி எடுத்தால் திரும்பவும் பாதிக்குப் பாதி. ஒட்டுவது தவறில்லை, ஒட்டுகிற அளவுதான் தவறு. யூயூஐடி என்பது எங்கே எடுத்தாலும் மோதாமல் இருக்க வகுத்த நீண்ட அடையாள எண். அதன் நாலாம் பதிப்பில் ரேண்டமுக்கு 122 பிட் (0 அல்லது 1 என்ற இலக்கம்) இருக்கிறது. அந்த அளவுக்குப் போனால் நேரமே தேவையில்லை. பிஎச்பியில் யூனிக்ஐடி() என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது மைக்ரோசெக்கன் நேரத்தைப் பதினாறடிமானத்தில் எழுதித் தரும் 13 எழுத்து. தனித்தன்மைக்கு உத்தரவாதம் இல்லை என்று அதன் கையேடே சொல்கிறது.

சரி, நேரத்தை எப்படித்தான் பயன்படுத்துவது?

உங்கள் அடையாள அட்டையை எடுங்கள். 2016 இலிருந்து கொடுக்கும் 12 இலக்க எண்ணைப் பாருங்கள். முதல் நாலு இலக்கம் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, அந்த ஆண்டின் எத்தனையாவது நாள். பெண்கள் என்றால் 500 கூட்டி. அடுத்த நாலு தொடர் இலக்கம். கடைசி ஒன்று சரிபார்ப்பு இலக்கம். ஒரே நாளில் எத்தனையோ பிள்ளைகள் பிறக்கும் என்று இதை வகுத்தவர்களுக்குத் தெரியும். அதனால் நாளை மட்டும் நம்பவில்லை. நாளுக்குள் ஒரு வரிசை வைத்தார்கள். பழைய அட்டையில் ஆண்டுக்கு இரண்டே இலக்கம், 2000 க்குப் பிறகு பிறந்தவர்களோடு நூற்றாண்டுக் குழப்பம் வரும் என்பதும் புரிந்திருக்கும்.

ட்விட்டர் 2010 இல் கொண்டுவந்த ஸ்னோஃப்ளேக் முறையும் இதே மூளைதான். 64 பிட் எண். அதில் 41 பிட் மில்லிசெக்கன் நேரம், 10 பிட் எந்த இயந்திரம், 12 பிட் தொடர் இலக்கம். ஒரே இயந்திரத்தில் ஒரே மில்லிசெக்கனில் 4096 ஐடி வரை எடுக்கலாம்; அதுவும் முடிந்தால் அடுத்த மில்லிசெக்கன் வரைக்கும் காத்திருக்கும். கடிகாரம் பின்னால் போனால் ஐடி தர மறுக்கும். எனக்குப் பிடித்தது அந்த மறுப்புத்தான். 41 பிட் கிட்டத்தட்ட 69 வருடத்துக்குப் போதும். அந்த வருடங்களை 1970 இலிருந்து வீணாக்காமல் 2010 இலிருந்தே எண்ணத் தொடங்கினார்கள்.

அந்த நெல் ஆலையில் நான் கடைசியாகச் செய்தது இன்னும் எளிது. தராசு இலக்கம், திகதி, அந்தத் தராசின் அன்றைய வரிசை: 2-250214-0037. இரண்டாம் தராசு, 2025 பெப்ரவரி 14, 37 ஆவது பெட்டி. செக்கனே இல்லை. போடியார்மாரும் போனில் வாசித்துச் சொல்லிவிடுவார்கள்.

டேட்டாபேஸ் தரும் 1, 2, 3 போதாதா?

பெரும்பாலும் போதும். உண்மையைச் சொன்னால், என்னிடம் இந்தக் கேள்வியோடு வருகிறவர்களில் பலருக்கு அதுதான் தேவை. ஒரு டேட்டாபேஸ், ஒரு சர்வர், எப்போதும் தொடர்பில் இருக்கிறது என்றால், டேட்டாபேஸ் தானாக ஒவ்வொன்றாகக் கூட்டித் தரும் ஓட்டோ இன்கிரிமென்ட்டை விட்டு அலைய வேண்டாம்.

அது போதாத இடம் எது என்றால், கல்முனையில் ஒரு கிளை, மட்டக்களப்பில் ஒரு கிளை, இடையில் இன்டர்நெட் விழுந்தாலும் இரண்டு பக்கமும் பில் அடிக்க வேண்டும், இரவில் ஒன்றாகச் சேர்க்க வேண்டும் என்கிற மாதிரி இடம். இரண்டு பக்கமும் 501 ஆவது பில் இருக்கும். அங்கேதான் கிளை இலக்கம் கலந்த எண்ணோ யூயூஐடியோ வேண்டும்.

யூயூஐடியில் எதை எடுப்பது?

புதிதாகத் தொடங்கினால் ஏழாம் பதிப்பு. ஏன் என்று சொல்ல மற்ற இரண்டையும் சொல்ல வேண்டும்.

முதலாம் பதிப்பும் நேரம்தான். ஆனால் 1970 இலிருந்து அல்ல, கிரெகோரியன் நாட்காட்டி தொடங்கிய 1582 ஒக்டோபர் 15 இலிருந்து, 100 நனோசெக்கன் துண்டுகளாக எண்ணும். கூடவே கணினியின் வலையமைப்புப் பகுதிக்குரிய தனி எண்ணான மேக் முகவரியையும் உள்ளே வைக்கும். எந்த இயந்திரத்தில் பிறந்தது என்று வெளியே தெரிந்துவிடும். நாலாம் பதிப்பு முழுக்க ரேண்டம். மோதாது, ஆனால் வரிசையும் இல்லை. லட்சக்கணக்கில் பதிவுகள் சேரும்போது டேட்டாபேஸின் இன்டெக்ஸ் ஒவ்வொரு புதிய ஐடிக்கும் எங்கோ நடுவில் இடம் தேட வேண்டும். பெயர் வரிசைக் கொப்பியில் ஒவ்வொரு புதுப் பெயருக்கும் நடுத்தாளைக் கிழித்துச் செருகுவது மாதிரி.

ஏழாம் பதிப்பு, 2024 மே மாதம் வெளியான ஆர்எஃப்சி 9562 என்ற இணையத் தர ஆவணத்தில் வந்தது. முன்னால் 48 பிட் மில்லிசெக்கன் நேரம், பின்னால் 74 பிட் ரேண்டமுக்கு. முன்பக்கம் வரிசைக்கு, பின்பக்கம் மோதாமல் இருக்க. கடிகாரம் சற்றுப் பின்னால் போனாலும் வரிசைதான் கொஞ்சம் குழம்பும், ஐடி மோதாது. போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸின் 18 ஆம் பதிப்பில் இது உள்ளேயே இருக்கிறது. மற்ற மொழிகளுக்கு லைப்ரரி கிடைக்கும். நீங்களே எழுத வேண்டாம்.

36 எழுத்து நீளம் பிடிக்காதவர்களுக்கு யூலிட் இருக்கிறது. அதே யோசனை, 26 எழுத்து. ஆங்கில ஐ, எல், ஓ, யூ ஆகிய நாலு எழுத்தும் அதில் வராது. முதல் மூன்றும் 1, 0 என்பவற்றோடு குழம்பக்கூடியவை.

ஐடியில் நேரம் இருந்தால் யாருக்காவது என்ன நட்டம்?

அடையாள அட்டை எண்ணைப் பார்த்து ஒருவருடைய பிறந்தநாளையும் ஆணா பெண்ணா என்பதையும் சொல்லிவிடலாம்தானே. அதே மாதிரிதான். பில் எண்ணில் நேரமும் தொடர் இலக்கமும் இருந்தால் பக்கத்துக் கடைக்காரர் காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று வாங்கி உங்கள் நாள் வியாபாரத்தை எண்ணிவிடுவார்.

பில்லுக்கு அது பரவாயில்லை. இரத்தப் பரிசோதனை அறிக்கைக்கு லிங்க் அனுப்புகிறீர்கள், லிங்கின் முடிவில் 13 இலக்க நேரம் இருக்கிறது என்றால் பாரதூரம். எனக்கு முன்னால் நின்றவர் எத்தனை மணிக்கு வந்தார் என்று எனக்குத் தெரியும். ஒரு நிமிடத்துக்கு 60,000 எண்தான். ஒரு சின்ன லூப் எல்லாவற்றையும் தட்டிப் பார்த்துவிடும். ரகசியமாக இருக்க வேண்டிய லிங்க், பாஸ்வேர்ட் மாற்றும் டோக்கன், இவற்றுக்கு நேரம் சார்ந்த எதுவும் கூடாது. யூயூஐடி ஏழுகூட வேண்டாம். பாதுகாப்புக்கென்றே இருக்கும் ரேண்டம் ஃபங்ஷனை எடுங்கள், ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண மேத்.ரேண்டம்() ஐ அல்ல. அறிக்கையைத் திறக்கும்போது ஆள் யார் என்று கேட்பதும் வேண்டும்.

ஐடியின் கடைசி இலக்கங்கள் தானாக மாறுகின்றன. பேயா?

ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண் 9,007,199,254,740,991 வரைக்கும்தான் முழு எண்களைப் பிழையில்லாமல் வைத்திருக்கும். ஸ்னோஃப்ளேக் ஐடி அதைத் தாண்டும். புரோகிராம்கள் தரவு பரிமாறும் எழுத்து வடிவமான ஜேசனில் எண்ணாக அனுப்பாமல் மேற்கோள் குறிக்குள் எழுத்தாக அனுப்புங்கள். எக்செல் இன்னும் கஞ்சம், 15 இலக்கம்தான். ஆண்டு முதல் மில்லிசெக்கன் வரை 17 இலக்கமாக எழுதிய ஐடியை அதில் திறந்தால் கடைசி இரண்டும் பூச்சியமாகிவிடும், சேமித்தால் போனது போனதுதான். ஒரு மாணவர் முழுப் பட்டியலையும் இப்படிச் சேமித்துவிட்டு, டேட்டாபேஸில்தான் பிழை என்று இரண்டு நாள் என்னோடு வாதாடினார்.

அர்டுயினோவில் மில்லிஸ்() ஐ ஐடியாகப் போடலாமா?

கூடாது. அர்டுயினோ என்ற சின்னக் கட்டுப்பாட்டுப் பலகையில் அது கரண்ட் வந்ததிலிருந்து மில்லிசெக்கனை எண்ணும். அணைத்துப் போட்டால் பூச்சியத்திலிருந்து தொடங்கும். அணைக்காமல் விட்டாலும் 49.7 நாளில் நிரம்பித் திரும்பப் பூச்சியம். வாவியில் நீர்மட்டம் பார்க்கும் கருவி செய்கிற பிள்ளைகள் டிஎஸ்3231 போன்ற ஒரு கடிகாரச் சில்லைச் சேர்த்து, கருவி எண்ணையும் முன்னால் போடுங்கள்.

2038 இல் எல்லாம் நின்றுவிடுமா?

32 பிட்டில் செக்கனை வைத்திருப்பவை தடுமாறும். எங்கள் நேரம் ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, காலை 8.44 க்கு. டேட்டாபேஸில் அந்தக் கட்டத்தை 64 பிட்டாக வைத்திருந்தால் பயமில்லை.

கோப்புப் பெயருக்கு நேரம் போடுவது?

தாராளமாக. ஆண்டை முன்னால் போடுங்கள், அப்போதுதான் வரிசையாக நிற்கும். மணி நிமிடத்துக்கு இடையில் முக்காற்புள்ளி வேண்டாம், விண்டோஸ் ஏற்காது.

நான் எழுதியது மோதுமா என்று எப்படிச் சோதிப்பது?

லூப்பில் ஒரு லட்சம் ஐடி எடுத்து, ஒரே மதிப்பை இரண்டு தரம் வைத்திருக்காத ஒரு செட்டில் போட்டு எண்ணுங்கள். லட்சத்துக்கு ஒன்று குறைந்தாலும் தூக்கி எறியுங்கள். பிறகு அதே புரோகிராமை இரண்டு ஜன்னலில் ஒரே நேரத்தில் ஓடவிட்டு இரண்டு பட்டியலையும் ஒப்பிடுங்கள். பலரும் விடுவது இந்த இரண்டாவதைத்தான். எல்லாம் சரியாக வந்தாலும் டேட்டாபேஸில் அந்தக் கட்டத்துக்கு, ஒரே மதிப்பை இரண்டு தரம் ஏற்காத யூனிக் கட்டுப்பாடு போடாமல் வெளியே விடாதீர்கள். மோதினால் பிழை என்று கத்தட்டும், நீங்கள் புதிய ஐடி எடுத்துத் திரும்பச் சேருங்கள். நான் மாற்றி எழுதாமல் புதிதாகச் சேர்ப்பதை மட்டும் செய்து, அந்த ஒரு வரியையும் எழுதியிருந்தால் போடியாருடைய நெல்லைக் கொப்பியில் தேட வேண்டி வந்திருக்காது.

அந்த ஆலையில் இப்போது கட்டுப்பாடும் இருக்கிறது, தராசு இலக்கமும் இருக்கிறது. கணக்கு எழுதும் அக்கா இன்னமும் ஒவ்வொரு பெட்டியையும் சீஆர் கொப்பியில் எழுதுறா. இனி எழுதத் தேவையில்லை என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.